மலைப்பக்கம், பள்ளப்பக்கம்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரிலே லொறி பின்னெடுக்கப் பழகிய கதையைச் சொல்ல ஒரு தமிழாசிரியன் வந்திருக்கிறான் என்றால் உங்களிற் சிலருக்குச் சிரிப்பு வரலாம். பாடவிதானத்துக்கு வெளியே போகிறான் என்று என் சக ஆசிரியர்கள் சொல்லவும் கூடும். ஆனால் சொல்லைப் பற்றியும், சொல்லுகிறவனின் பொறுப்பைப் பற்றியும் இருபது ஆண்டு ஆசிரியத் தொழிலில் நான் கற்காத ஒரு பாடத்தை ஒரு லொறியின் பின்னால் நின்றபோதுதான் கற்றேன். அதைச் சொல்ல இந்த மேடையை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

நான் வாழும் திம்புள்ளைப் பிரதேசம் மேட்டிலும் பள்ளத்திலும் ஆனது. 3500 அடி தொடக்கம் 5500 அடி வரை உயர்ந்து கிடக்கும் சரிவுகளில் தேயிலை நிற்கிறது. அந்தத் தேயிலை கீழே இறங்கினால்தான் அதற்கு விலை. 1883ஆம் ஆண்டில் கொழும்பிலே தேயிலை ஏலம் ஆரம்பமாயிற்று. அடுத்த ஆண்டே ரயில் ஹட்டனுக்கு வந்தது. 1885இல் நானுஓயாவைத் தொட்டது. தோட்டத்துத் தொழிற்சாலைக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையிலே முதலில் மாட்டு வண்டி ஓடியது. பின்னர் லொறி ஓடியது. தொழிற்சாலையை எங்கள் மக்கள் ஸ்டோர் என்பார்கள். ஸ்டோருக்கு அரிசியும் உரமும் ஏறி வரும். ஸ்டோரிலிருந்து தேயிலை இறங்கிப் போகும். அன்று மரப்பெட்டியிலே போன தேயிலை இன்று கடதாசிச் சாக்கிலே போகிறது. எதிலே போனாலும் அதைக் கொண்டு போகிறவன் ஒரு சாரதி. அவனுக்குப் பின்னால் நின்று வழி சொல்பவன் ஒரு கிளீனர். இந்த இருவரைப் பற்றியும் நாம் அதிகம் பேசுவதில்லை.

இனி விடயத்துக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் கல்லூரிக்குப் பழைய மாணவர்கள் சேர்ந்து மேசை, கதிரைகள் அன்பளிப்புச் செய்தார்கள். அவற்றை ஏற்றிக்கொண்டு ஒரு லொறி வந்தது. பிரதான வீதியிலிருந்து எங்கள் கல்லூரிக்குச் செல்லும் பாதை ஏறத்தாழ நாற்பது யார் நீளமானது. ஒரு பக்கம் மண்மேடு. மறுபக்கம் தேயிலைச் சரிவு. உள்ளே லொறியைத் திருப்ப இடமில்லை. ஆகவே வீதியிலிருந்தே பின்பக்கமாக ஏறி வரவேண்டும். அன்று கிளீனர் வரவில்லை. சாரதி ஆசனத்திலிருந்து தலையை வெளியே நீட்டிய இளைஞர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் கல்லூரியிலே சாதாரண தரம் வரை படித்து, சித்தியடையாமல் விலகிச் சென்றவர் அவர்.

“சேர், பின்னால நின்னு கொஞ்சம் சொல்றீங்களா? அது போதும்” என்றார்.

அது என்ன பெரிய காரியம் என்று நான் போய் நின்றேன். லொறி அசைந்தது. “இடது, இடது” என்றேன். நின்றுவிட்டது. “எந்த இடது சேர்? ஒங்க இடதா, லொறி இடதா, திரும்பிப் பாக்கிற எனக்கு இடதா?” என்று கேட்டார்.

அப்போதுதான் யோசித்தேன். பாதை எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு தடவை லொறிக்கு முதுகைக் காட்டித் திரும்புவேன். லொறி எங்கே வருகிறது என்று பார்க்க மறுபடி திரும்புவேன். நான் திரும்பும் ஒவ்வொரு தடவையும் என் இடதும் வலதும் மாறிக்கொண்டிருந்தன. அவரும் சில வேளை கண்ணாடியிலே என்னைப் பார்த்தார். சில வேளை தலையைத் திருப்பிப் பார்த்தார். ஒரே சொல், நால்வேறு பொருள். “இந்தப் பக்கம்” என்றேன். இருளிலே கை காட்டியது போலாயிற்று. “கொஞ்சம்” என்றேன். எவ்வளவு கொஞ்சம்? பின்சக்கரம் ஒன்று பள்ளத்து ஓரப் புல்லிலே ஏறியபோது என் வாயிலிருந்து சொல்லே வரவில்லை. “ஐயோ” என்று மட்டும் கத்தினேன். நல்லவேளை, “ஐயோ” என்ற சொல்லுக்கு எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் ஒரே பொருள். லொறி நின்றது.

அவர் இறங்கி வந்தார். கோபிக்கவில்லை. சக்கரத்தைப் பார்த்தார், மண்மேட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “சேர், இடது வலது வேணாம். மலைப்பக்கம், பள்ளப்பக்கம்னு சொல்லுங்க. அது யாரு எப்பிடித் திரும்பினாலும் மாறாது. கண்ணாடியில நீங்க எனக்குத் தெரியிற மாதிரி நில்லுங்க. நீங்க தெரியலேன்னா நான் நிப்பாட்டிருவேன். ஒரு தரம் தட்டினா நில்லு. ரெண்டு தரம் தட்டினா வா.”

மலைப்பக்கம், பள்ளப்பக்கம். எவ்வளவு தெளிவான சொற்கள்! மலை எங்களோடு திரும்புவதில்லை. பள்ளமும் திரும்புவதில்லை. இரண்டு சொற்களையும் வைத்துக்கொண்டு பத்தே நிமிடத்தில் லொறியை மண்டப வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். “வா, வா, மலைப்பக்கம் ஒடி, போதும், நேரா வா, ஹரி, ஹரி” என்று நானும் ஒரு கிளீனராகவே மாறிப்போனேன். “ஹரி” என்பது சிங்களச் சொல்லாயிற்றே என்று அந்த வேளையிலே நான் நினைக்கவில்லை. மலையகத்து வீதிகளிலே இரண்டு மொழிகளும் ஒரே லொறியிலே ஏறித்தான் பயணம் செய்கின்றன.

அன்றிரவு எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. இலக்கணத்திலே தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற மூன்றையும் நாம் ‘இடம்’ என்றே அழைக்கிறோம். வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று கிளவியாக்கத்திலே தொல்காப்பியர் வகுத்திருக்கிறார். பரீட்சைக்காக இதைப் பல மாணவருக்குப் பாடமாக்கிக் கொடுத்தவன் நான். ஆனால் லொறி பின்னெடுக்கும்போது சாரதிக்கு அது ‘போதல்’, பின்னால் நிற்பவனுக்கு அது ‘வருதல்’ என்பதும், கிளீனர் ஒருபோதும் “போ, போ” என்று சொல்லாமல் “வா, வா” என்றே சொல்கிறான் என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பாரத்தைத் தன்னை நோக்கியே அவன் அழைக்கிறான். ஆபத்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்டுதான் அவன் பேசுகிறான். சொல்லுகிறவன் எங்கே நிற்கிறான் என்பதே சொல்லின் பொருள் என்ற பாடம் அது.

இவ்விடத்திலே நான் மறைக்க விரும்பாத ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த இளைஞர் பத்தாம் தரத்திலே என் வகுப்பிலே இருந்தபோது, ‘நான் விரும்பும் தொழில்’ என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். மற்றவர்கள் வைத்தியர், பொறியியலாளர், ஆசிரியர் என்று எழுதினார்கள். அவர் லொறிச் சாரதி என்று எழுதினார். எழுத்துப் பிழைகள் நிறைய. கொப்பியை வகுப்பிலே உயர்த்திக் காட்டி, “நீ லொறிக்குப் பின்னால் நின்று கத்தத்தான் லாயக்கு” என்று சொன்னேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அத்தனை ஆண்டுகளுக்குப் பின், லொறிக்குப் பின்னால் நின்று சரியாகக் கத்தவும் தெரியாதவனாக நின்றது யார் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

அந்த டிசம்பர் விடுமுறையிலே அவர் ஊருக்கு வந்தபோது, எனக்கும் பழக்கிவிடும்படி கேட்டேன். நாற்பதைத் தாண்டிய வயதிலே சேருக்கு ஏன் இந்த வேலை என்று அவர் நினைத்திருப்பார். ஆனாலும் சம்மதித்தார். என்னிடம் இலகு வாகன அனுமதிப்பத்திரம் மட்டுமே இருந்தது. ஆகவே நான் ஓட்டுவது தோட்டத்து மைதானத்தோடு நின்றது. வீதியிலே அவர் ஓட்ட, நான் பக்கத்திலே இருந்து பார்த்தேன்.

முதலில் கியர். தெரிந்த ஒருவரின் பழைய லொறி அது. இன்றைய வாகனங்களிலே கிளச்சை மிதித்துக் கியரைத் தள்ளினால் போய் விழும். பழைய லொறியிலே அப்படி விழாது. உள்ளே சுழலும் இரண்டு பற்சக்கரங்களும் ஒரே வேகத்துக்கு வந்தால்தான் ஒன்றோடொன்று சேரும். வேகத்தைக் குறைத்துக் கீழ்க் கியருக்கு வருவதென்றால், கிளச்சை மிதித்துக் கியரை நடுவுக்கு எடுக்கவேண்டும். கிளச்சை விட்டு எஞ்சினுக்குச் சற்று உசுப்புக் கொடுக்கவேண்டும். மறுபடி கிளச்சை மிதித்துப் புதிய கியரைப் போடவேண்டும். இரட்டைக் கிளச் என்பது இதுதான். நான் அவசரப்பட்டேன். கியர்ப் பெட்டி ‘கறகற’ என்று கத்தியது.

“தள்ளாதீங்க சேர், கேளுங்க. எஞ்சின் சத்தத்தக் கேட்டாப் போதும். அது ரெடியானா தானா வாங்கிக்கும்” என்றார்.

அவர் முழங்கையை ஜன்னலிலே ஊன்றிக்கொண்டு கண்ணை மூடியபடி சொல்வார்: “இப்ப போடுங்க.” போட்டேன். ஓசையின்றி விழுந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் ஏறவில்லை என்று குரலை உயர்த்திய என் நாட்கள் நினைவுக்கு வந்தன. நானும் பற்களை உடைத்துக்கொண்டுதான் தள்ளியிருக்கிறேன்.

பிறகு இறக்கம். ஹட்டனிலிருந்து கினிகத்தேனைப் பக்கமாகப் பாரத்தோடு இறங்கியபோது அவர் பிரேக்கை மிகக் குறைவாகவே மிதித்தார். எந்தக் கியரிலே இந்த மேட்டை ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்கவேண்டும் என்பது பழைய சாரதிமார் அவருக்குக் கொடுத்த விதி. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறி, வேண்டிய இடத்திலே பிடிக்காமல் போகும். வளைவுக்குள் போய்க் கியர் மாற்றக்கூடாது. வளைவுக்கு முன்னரே மாற்றிவிடவேண்டும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று கியரை நடுவிலே விட்டு உருட்டுவது தற்கொலைக்குச் சமம். காற்றுப் பிரேக் உள்ள வண்டியானால், காலையிலே எஞ்சினை இயக்கியதும் காற்றழுத்தம் ஏறும் வரை காத்திருக்கவேண்டும். “காத்து ஏறட்டும் சேர்” என்பார். அதுவரை தேநீர் குடிப்பார்.

இது வெறும் தொழில் நுணுக்கம் அல்ல. 2023ஆம் ஆண்டு ஜனவரியிலே நானுஓயாவின் ரதல்ல குறுக்கு வீதியிலே ஒரு பஸ் வண்டி வானோடும் முச்சக்கர வண்டியோடும் மோதியதில் ஏழு உயிர்கள் போயின. 2025ஆம் ஆண்டு மே மாதத்திலே கொத்மலை கெரண்டிஎல்லவிலே பஸ் ஒன்று பள்ளத்திலே வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மலைநாட்டிலே இறக்கம் என்ற சொல்லை நாம் சாதாரணமாகச் சொல்லக்கூடாது.

கடைசிப் பாடம் பின்னெடுப்பது. அவர் சில காலம் கொழும்புத் துறைமுகத்திலே கொள்கலன் இழுக்கும் பிரைம் மூவர் ஓட்டியவர். நாற்பது அடிப் பெட்டியோடு அந்த வண்டி எங்கள் தோட்டத்துப் பாதைகளிலே நுழையவே முடியாது. ஆனால் கொழுந்து ஏற்றும் ட்ரெக்டரும் அதன் பின்னாலே பூட்டிய ட்ரெயிலரும் அதே விதிக்குக் கட்டுப்பட்டவைதாம். துரையிடம் அனுமதி கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குக் கொண்டுவந்தோம்.

நேயர்களே, ட்ரெயிலர் பூட்டிய வண்டி பின்னால் போகும்போது எல்லாமே தலைகீழ். சுக்கானை மலைப்பக்கம் திருப்பினால் ட்ரெயிலரின் வால் பள்ளப்பக்கம் போகும். முதலில் எதிர்ப்பக்கம் திருப்பி வாலை வளையவிட வேண்டும். அது வளையத் தொடங்கியதும் சுக்கானை மறுபக்கம் திருப்பி அதன் பின்னாலேயே போகவேண்டும். தாமதித்தால் ட்ரெக்டரும் ட்ரெயிலரும் பேனாக்கத்தி மடிவது போல மடிந்து முட்டிக்கொள்ளும். நீளமான கொள்கலன் ஆறுதலாகத் திரும்பும். குட்டையான கொழுந்து ட்ரெயிலரோ கண்மூடித் திறப்பதற்குள் மடிந்துவிடும். ஆகவே தொடக்கக்காரனுக்குச் சிறியதுதான் கடினம். அவர் எனக்கு ஓர் உபாயம் சொன்னார்: சுக்கானை மேலே பிடிக்காமல் அடியிலே பிடிப்பது. வால் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோனால் போதும். தலைகீழான கணக்கு நேராகிவிடும்.

உபாயம் தெரிந்தும் மூன்று முறை மடித்தேன். சுற்றி நின்ற சிறுவர்கள் சிரித்தார்கள். அவர்களிலே இருவர் என் மாணவர்கள். எனக்கு முகம் சுட்டது. இறங்கிப் போய்விடலாம் என்று எண்ணினேன்.

“முன்னுக்கு எடுங்க சேர். நேராக்கிட்டு மறுபடி வருவோம். முன்னுக்கு எடுக்கிறது தோல்வி இல்ல. சந்தேகமா இருந்தா இறங்கிப் பாருங்க. இறங்கிப் பாக்க வெக்கப்பட்டவன்தான் சுவத்தில முட்டுவான்” என்றார். பிறகு சிறுவர்களின் பக்கம் திரும்பி, “சிரிச்சவங்க வாங்க, ஒவ்வொருத்தரா பின்னால நின்னு சேருக்குச் சொல்லுங்க” என்றார். சிரிப்பு நின்றது. ஒருவன் வந்து நின்றான். அவன் சொல்லச் சொல்ல, நான்காம் முறை ட்ரெயிலர் இரண்டு கற்களுக்கு இடையே நேராகப் போய் நின்றது.

மாலையிலே மைதானத்து ஓரம் இருந்து தேநீர் குடித்தபோது கேட்டேன்: “அன்றைக்கு வகுப்பிலே நான் சொன்னது ஞாபகம் இருக்கிறதா?”

“இருக்கு சேர். நின்னேன்தானே, நாலு வருஷம் லொறிக்குப் பின்னால. அங்க நிக்கிறவன் சொல்றதத்தான் ஓட்டுறவன் நம்பணும். அது சின்ன வேல இல்ல.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: “அந்தக் கட்டுரைய நீங்க வாசிச்சீங்களா சேர்?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் அதைத் திருத்தினேன், வாசிக்கவில்லை. சிவப்பு மையால் எத்தனை இடத்திலே சுழித்தேன் என்பது நினைவிருக்கிறது. அதிலே அவர் என்ன எழுதியிருந்தார் என்பது நினைவில்லை. “என்ன எழுதியிருந்தாய்?” என்று கேட்டேன். “இப்ப ஞாபகம் இல்ல சேர்” என்று சொல்லி எழுந்து, ட்ரெயிலரின் கொக்கியைச் சரிபார்க்கப் போய்விட்டார். அவருக்கு ஞாபகம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

எங்கள் தலவாக்கலைப் பகுதியின் மடக்கும்புர தோட்டத்திலே 1914ஆம் ஆண்டு பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை அவர்கள், 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். அவர் தோட்டத்து மக்களின் வாயிலே வழங்கிய பாடல்களைத் தொகுத்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாக்கித் தந்தார். அவர் கேட்டதனால் அவை இன்று இலக்கியம். கேளாதிருந்தால் காற்றோடு போயிருக்கும். கொழுந்து பறிப்பவரின் சொல்லைப் போலவே சாரதியின் சொல்லும், கிளீனரின் சொல்லும், ஸ்டோரிலே வேலை செய்பவரின் சொல்லும் கேட்கப்படவேண்டியவை. இப்போது என் வகுப்பிலே ஒரு கொப்பி இருக்கிறது. தாய், தந்தை, மாமன் வேலைத்தலத்திலே வழங்கும் சொற்களைப் பிள்ளைகள் அதிலே எழுதுகிறார்கள். முதற் பக்கத்திலே மலைப்பக்கம், பள்ளப்பக்கம் என்ற இரண்டு சொற்களும் இருக்கின்றன.

படிப்பை விட்டு லொறியிலே ஏறுங்கள் என்று நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்லவில்லை. சாரதி அனுமதிப்பத்திரத்துக்கும் எழுத்துப் பரீட்சை உண்டு. அதைத் தமிழிலே எழுதலாம். வாசிக்கத் தெரியாமல் அங்கே தடுமாறும் இளைஞன் ஒருவன் இருந்தால், அதிலே அவனுடைய தமிழாசிரியனுக்கும் பங்கு உண்டு. நான் சொல்வது வேறு. ஆசிரியனும் ஒரு வகையிலே பின்னால் நின்று வழி சொல்பவன்தான். பிள்ளை போகும் திசை அவனுக்குத் தெரியவேண்டும். அவன் சொல்லும் சொல் பிள்ளையின் இடத்திலிருந்து பார்த்தாலும் பொருள் மாறாததாக இருக்கவேண்டும். பிள்ளையின் கண்ணாடியிலே தெரியும் இடத்திலே அவன் நிற்கவேண்டும். பகிடி பண்ணுவது அந்த இடத்திலே நிற்பதாகாது.

இப்போதெல்லாம் கட்டுரைக் கொப்பிகள் வந்தால், முதல் வாசிப்பிலே சிவப்புப் பேனாவைக் கையிலே எடுப்பதில்லை. ஒரு தடவை இறங்கிப் பார்க்கிறேன். பிறகுதான் திருத்துகிறேன்.